சுவரைப் பார்த்துப் பரிமாறியவர்

என் மகள் சரசு இன்று உயிரோடிருப்பது அவர் ஊட்டிய சோற்றாலா, அந்தச் சோற்றையும் மீறியா? நான்கு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை கிடைக்கவில்லை. டாக்டரிடம் கேட்க முடியாது. என் கணவரிடமும் கேட்க முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. திருத்தணியில் ஸ்டேஷனிலிருந்து மலைப்படிக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டல் இருந்தது. அதில் பரிமாறுகிறவர். தெலுங்குப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால், அப்பா என்ற அர்த்தத்தில் எல்லோரும் "நைனா" என்று கூப்பிட்டார்கள். கச்சேரிச் சேவகன் முதல் தாசில்தார் வரை எல்லோருக்கும் அவர் நைனாதான். ஐம்பது வயதிருக்கும். உயரம். முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் அளவுக்கு ஒல்லி. அத்தனை பேருக்குச் சோறு போடுகிறவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று முதல் நாளே எனக்குத் தோன்றியது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். என் கணவருக்குத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை மாற்றலாகி, செங்கல்பட்டிலிருந்து சரசுவைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினோம். வீடு கிடைத்தது, அடுப்பு போடவில்லை. ரேஷன் கார்டும் மாறவில்லை. அதனால் மூன்று வாரம் ஓட்டலில்தான் சாப்பாடு. கல்யாணமாகி வந்த பிறகு நான் வெளியில் இலை போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் அப்பா உபாத்தியாயர். எங்கள் வீட்டில் ஓட்டலில் சாப்பிடுவது என்றால் ஊர் விட்டு ஊர் போய் வழியில்லாமல் செய்கிற காரியம். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லவில்லை.

ஆண்கள் கூடத்தில் சாப்பிட்டார்கள். பெண்களுக்குப் பின்பக்கம் மூங்கில் தட்டி கட்டிய சின்ன அறை. நாலைந்து இலைதான் போடலாம். மந்தாரை இலையைக் கோத்துத் தைத்த காய்ந்த இலை. நான் சரசுவை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். வந்தவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சாப்டுங்கம்மா. நான் அந்தாண்ட பாத்துகினுதான் போடுவேன். கூச்சப்படாதீங்க."

அப்படியேதான் போட்டார். கை மட்டும் இலைக்கு நேராக வந்தது. ஒரு பருக்கை வெளியே சிந்தவில்லை. எனக்கு மரியாதையாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா பிசைந்துகொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"மூணாவது இலை. கொழம்பு ஊத்தினது ஊத்தினபடி இருக்குதே. காரமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மூன்றாவது இலை நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டேஷன்காரர் மனைவி சிரித்தாள்.

"அவுரு காதாலயே பாத்துடுவாரும்மா. இலை சலசலன்னா துன்றோம்னு அர்த்தம். சத்தம் இல்லன்னா வந்து நின்னுக்குவாரு. எங்கூட்டுக்காரரு இங்க வந்து துன்னுட்டாருன்னா அன்னிக்கி எங்கூட்ல ஒலையே வெக்கறதில்ல."

"போதுங்க," என்றேன் மெல்ல.

"வேணான்றது வாய்ங்கம்மா. நான் வயித்தக் கேக்கறேன். இன்னும் ஒரு கை."

போட்டுவிட்டார். நானும் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகுதான் எனக்கு எவ்வளவு பசி இருந்தது என்பதே தெரிந்தது. அது என்னை ஏனோ கலவரப்படுத்தியது. என் வயிற்றை எனக்கு முன்னால் இன்னொருவர் தெரிந்துகொள்வது நன்றாக இல்லை.

கூடத்தில் அவர் இன்னும் மோசம் என்று என் கணவர் சொல்வார். போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தால், விரல் இடுக்கில் சோற்றை இறக்கிவிடுவார். ஒரு நாள் என் கணவர் புறங்கையில் சிவந்த தடத்தோடு வந்தார். என்ன என்று கேட்டேன். "ரசம்," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன்.

"யோவ் நைனா, பொண்ணு குடுத்த மாமியா கூட இப்டி அமுக்கமாட்டாய்யா."

"மாமியாளுக்கு மாப்ள மேல வருத்தம் இருக்கும். எனக்கு ஒம்மேல இன்னாப்பா வருத்தம்? துன்னு."

அரிசி கிடைக்காத காலம். இலைக்கு இவ்வளவு சோறு, மீதிக்குச் சோளக் களியோ கோதுமைக் கஞ்சியோ என்று முதலாளி கட்டுப்பாடு வைத்திருந்தார். "இது ஓட்டலா, சத்திரமா?" என்று முதலாளி கல்லாவிலிருந்து சத்தம் போடுவது தினமும் கேட்கும். நைனா தன் பங்குச் சோற்றைத்தான் மற்றவர்கள் இலையில் போடுகிறார் என்று ஸ்டேஷன்காரர் மனைவி சொன்னாள். அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. காலையில் ஒரு லோட்டா காபி, சாயங்காலம் ஒரு லோட்டா காபி. நடுவில் எதுவும் இல்லை என்றார்கள். அது நிஜமாக இருக்க முடியாது. ஆனால் அவருடைய முழங்கையைப் பார்த்தால் நிஜம் போலத்தான் இருக்கும்.

ஒரு நாள் தைரியம் வந்து, "உங்களுக்குக் குழந்தைகள் இருக்காங்களா?" என்று கேட்டேன். நான் கேட்டது அவர் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். காய்ந்த இலையில் விரல் படுவதைக் கேட்கிற காது அது.

"ரசமா, மோரா?" என்றார்.

பிறகு நான் கேட்டதில்லை.

அவரைப் பற்றி எனக்கு முதலில் பயம் வந்தது கர்ணம் விஷயத்தில். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக் கணக்குப் பிள்ளை அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஏதோ வழக்குக்காகத் திங்கட்கிழமை தோறும் கச்சேரிக்கு வருவார். சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். டாக்டர் சோற்றையும் இனிப்பையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். அவர் ஓட்டலில் வந்து கோதுமைக் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு, அடுத்த இலையில் இருக்கும் கேசரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். நைனா அவர் முன்னால் போய் நின்றிருக்கிறார்.

"வேணாம்பா. டாக்டரு கொன்னுடுவாரு."

"டாக்டரு இங்க இல்லீங்களே. ஒரு கை."

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேசரி. கர்ணம் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிடும் என்று, வீட்டில் அடுப்பு போட்ட பிறகும் காபிக்கு அங்கே போய்க்கொண்டிருந்த என் கணவர் சொன்னார். இரண்டு மாதத்துக்குள் புண் முழங்கால் வரைக்கும் ஏறியது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காலை எடுத்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

டாக்டர் ஓட்டல் வாசலில் நின்றே சத்தம் போட்டார். "அந்த ஆளு கைல இருக்கறது கரண்டின்னு நெனைக்காதீங்க. எவனுக்கு எது ஆகும்னு தெரியாத கை அது." பாதி ஊர் கேட்டது. நைனா உள்ளே பரிமாறிக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் என் கணவர் அவரிடம், பெரியவர் போய்விட்டாரே என்று சொன்னபோது, "கடேசியா ஆசையா துன்னது நான் போட்டதுதாங்க," என்றாராம். அவர் அதை வருத்தமாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று நான் என் கணவரிடம் இரண்டு மூன்று தடவை கேட்டேன். "சாதாரணமாத்தான் சொன்னார்," என்றார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் நான் கண்ணால் பார்த்தேன். ஆடிக் கிருத்திகை. ஊர் கொள்ளாத ஜனம். ஓட்டல் வாசலில் காவடி எடுத்து வந்த ஒருவர் மயங்கி விழுந்தார். மூன்று நாள் பட்டினி விரதம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஊரில் அவருடைய பிள்ளை படுத்த படுக்கையாகக் கிடக்கிறானாம், அவனுக்காக வேண்டுதல். சாமியைப் பார்க்கும் வரை பச்சைத் தண்ணீர் கூட இல்லை என்று சத்தியம். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அதற்குள் நைனா ஒரு செம்பு கஞ்சியோடு வந்து, அவர் தலையைத் தூக்கித் தொடையில் வைத்து, வாயில் விட்டுவிட்டார். கூட வந்தவர்கள் கத்துவதற்குள் பாதிச் செம்பு உள்ளே போய்விட்டது.

அந்த மனிதர் கண் திறந்தார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார். என்ன நடந்தது என்று தெரிந்ததும் தெருவில் உட்கார்ந்து அழுதார்.

"என் புள்ள... என் புள்ளைக்காகப்பா..."

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ எழுந்து நடய்யா," என்றார் நைனா.

அந்தக் காவடிக்காரர் மலைப் பக்கம் போகவில்லை. காவடியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் போனார். அவ்வளவு கூட்டத்தில் அவர் ஒருவர்தான் எதிர்த்திசையில் நடந்தார். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். பயத்தில் விசாரிக்கவில்லை.

அந்தக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து பத்து நாளில் ஊரில் ஜுரம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் வருவதுதான் என்றார்கள். எங்கள் சரசுவுக்கு அப்போது மூன்று வயது. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, டைபாய்டு என்றார்.

"இருபத்தோரு நாள். பார்லித் தண்ணி, குளுகோஸ், மோர்த் தெளிவு. வேற எதுவும் கிடையாது. ஒரு பருக்கை உள்ள போச்சோ, குடல் ஓட்டையாயிடும். அப்புறம் என்கிட்ட வராதே."

நான் படித்தவள். அவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்தேன். தெர்மாமீட்டர் வாங்கி, வேளைக்கு வேளை பார்த்து, கோடு போட்ட காகிதத்தில் குறித்தேன். கொடுத்த ஒவ்வொரு அவுன்ஸையும் குறித்தேன். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாளுக்குப் பிறகு சரசு அழுவதை நிறுத்தினாள். பதினைந்தாம் நாள் அவள் பாயின் கோரையைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "இட்டி," என்பாள். இட்லியைத்தான் அப்படிச் சொல்வாள். நான் ஒரு ஸ்பூன் பார்லித் தண்ணீர் கொடுப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நான் அடுப்படிக்கே போகாததால் என் கணவருக்கு ஓட்டலிலிருந்து எடுப்புச் சாப்பாடு. அடுக்கைக் கொண்டுவருகிறவர் நைனாதான். பதினைந்தாம் நாள் அடுக்கை வைத்துவிட்டு அவர் போகவில்லை. வாசல் நிலையில் நின்று உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொயந்தை இன்னா கேக்குது?"

"டாக்டர் கூடாதுன்னுட்டார்."

"டாக்டரு கொடலைப் பாக்கறாரும்மா. நீங்க மூஞ்சியப் பாருங்க."

"கர்ணம் முகத்தைப் பார்த்துத்தானே போட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். நான் அப்படிப் பேசுகிறவளே அல்ல. அவர் திரும்பிப் போய்விட்டார்.

பதினேழாம் நாள் மத்தியானம் மறுபடியும் வந்தார். கச்சேரி நேரம், என் கணவர் இல்லை. கையில் மூடி போட்ட சின்னப் பித்தளைக் கிண்ணம். நான் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. வாசனை வந்தது. குழைய வடித்த பழைய அரிசி, அதில் ரசத்தெளிவு. சரசு தலையைத் தூக்கினாள். ஒரு வாரமாகத் தூக்காத தலை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தார்.

"அம்மா, நீங்க இங்க நிக்க வேணாம். கெணத்தாண்ட போயி ஒரு கொடம் தண்ணி மொண்டுகினு வாங்க."

வீட்டில் தண்ணீர் இருந்தது. இருவருக்கும் அது தெரியும். நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

கிணற்றில் ஒரு குடம் இழுத்தேன். நிறைந்த குடத்தைக் கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிட்டு மறுபடி இழுத்தேன். மூன்று தடவையோ நாலு தடவையோ. பக்கத்துப் போர்ஷனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கிண்ணம் இல்லை, அவரும் இல்லை. சரசுவின் வாயை ஈரத்துணியால் துடைத்திருந்தார். தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு சாப்பிட்டாள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ஜுரம் ஒரு டிகிரி ஏறியது. நான் அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று தெரியாமல் கேட்டேன். என் கணவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. காகிதத்தில் ஏறிய டிகிரியைக் குறித்தேன். சோற்றைக் குறிக்கவில்லை. நைனா மேலும் மூன்று மத்தியானம் வந்தார். நான் மூன்று மத்தியானமும் தண்ணீருக்குப் போனேன்.

இருபத்தோராம் நாள் ஜுரம் இறங்கியது.

"சொன்னேனா இல்லியா? சொன்ன நாள்ல எறங்கிடுச்சு பாத்தியா?" என்றார் டாக்டர். என் கணவர் பக்கம் திரும்பி, "சார், ஜுரத்தை நான் இறக்கலை, உங்க சம்சாரம் இறக்கினா. இப்படிக் கட்டுப்பாடா இருக்கற தாயாரை நான் பார்த்ததில்லை," என்றார். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றத் தாய்மார்களுக்குக் காட்டுவதற்கு.

கொடுக்காமல் இருந்திருக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கொடுத்தேன்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்தவள் ராஜம்மா. ஆர்.கே.பேட்டை நெசவுக்காரக் குடும்பம். அவள் புருஷன் தறியில் உட்கார்ந்தால் எங்கள் சுவர் முழுதும் அதிரும். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளுடைய பெண்ணைப் பங்காரு என்று கூப்பிடுவார்கள். சரசுவுக்கு விளையாட்டுத் தோழி. சரசு எழுந்து உட்கார்ந்த வாரத்தில் பங்காரு படுத்தாள்.

டாக்டர் ராஜம்மாவிடம் என் காகிதத்தைக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "பக்கத்து வூட்டம்மா செஞ்ச மாதிரி செய்," என்றார். அவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, நெஜமா ஒண்ணுமே குடுக்கலியா? இருவத்தோரு நாளும்?"

வாசலில் என் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஆகாரம் மட்டும்தான், ராஜம்மா."

"அப்ப நானும் அப்டியே செய்றேன். நீங்க படிச்சவங்க. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

பங்காரு பலமான குழந்தை. பத்து நாள் கத்தினாள். "அம்மா, புவ்வா," என்று அவள் கேட்பது சுவர் வழியாக எனக்குக் கேட்கும். தறிச் சத்தத்துக்கு நடுவில் கேட்கும். நான் சரசுவுக்குச் சோறு ஊட்டும்போது கேட்கும்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, நைனா அதே கிண்ணத்தோடு வந்தார். ராஜம்மாவின் வாசலுக்கு. டாக்டர் உள்ளே பங்காருவைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் துணைக்கு நின்றிருந்தேன். ராஜம்மா நிலைப்படியில் இரண்டு கையையும் வைத்து மறித்தாள்.

"வேணாங்க நைனா. உள்ள வராதீங்க."

அவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"இன்னாக்கா? இன்னா சொல்றாரு இவுரு?"

"யாரு, ஓட்டல் ஆளா?" என்றார் டாக்டர் உள்ளேயிருந்து. "கர்ணத்தை அனுப்பிச்சது போதாதா?"

கிண்ணத்து மூடியின் ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரசுவுக்கு அன்று ஏறிய ஒரு டிகிரி நினைவுக்கு வந்தது. கர்ணத்தின் கால் நினைவுக்கு வந்தது. என் கணவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் நினைவுக்கு வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொன்னால் அது பொய்யாக இருக்கும்.

"டாக்டர் சொல்றபடி செய், ராஜம்மா," என்றேன்.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். "ஆங், சரிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு திரும்பிப் போனார்.

நாலாம் நாள் விடிகாலையில் தறி ஓடவில்லை. அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு கிணறுகளில் வெள்ளைப் பொடி போட்டார்கள். தண்ணீர் குமட்டியது. இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிடலாம் என்றார் என் கணவர். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. மறுபடியும் அந்தத் தட்டி அறை, தையல் இலை. அன்று நான் ஒருத்திதான். அவர் வந்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், ஒரு கரண்டி சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். நான் இலையைத் தொடவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கூடத்தில் "இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை" என்று அவருடைய குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. என் இலைக்கு அவர் வரவில்லை. சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தேன். தட்டிக்கு வெளியே பாத்திரத்தோடு நின்றிருந்தார். வழி விட்டு ஒதுங்கினார்.

ரேஷன் கெடுபிடியாக இருந்திருக்கலாம். அன்று அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். இப்படியெல்லாம் நான் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அவர் ஓட்டலில் இல்லை. அரக்கோணத்தில் ரயில்வேக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, ரேணிகுண்டா என்றார் முதலாளி. நான் போய்த் தேடவில்லை.

இப்போது ராஜம்மாவுக்கு இன்னொரு பெண் குழந்தை. பதினோரு மாதம். அவள் என் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை கொஞ்சமும் குறையவில்லை. "நான் எல்லாம் சரியாத்தான்க்கா செஞ்சேன். நீங்களே பாத்தீங்களே. சாமி எடுத்துக்கிச்சு, அவ்ளோதான்," என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் அவள் தூங்குகிறாள் என்று நினைக்கிறேன்.

இந்த ஆடிக் கிருத்திகை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. நெசவுத் தெருவில் மூன்று வீட்டில் ஜுரம். ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் சின்ன டாக்டர், இந்த ஜுரத்தில் பட்டினி போடக் கூடாது, குழைந்த ஆகாரம் கொடுக்கலாம் என்கிறாராம். பழைய டாக்டர் அதைக் கேட்டுச் சிரிக்கிறார். என் காகிதம் இன்னும் அவருடைய மேஜையில் இருக்கிறது. முந்தாநாள் ராஜம்மாவின் குழந்தைக்கு உடம்பு சுட்டது. பல் முளைக்கிற சூடாக இருக்கலாம். இன்று காலையிலும் சுடுகிறது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"சின்ன டாக்டரு சோறு குடுக்கலாம்றாராமே. நமக்கு அதெல்லாம் வேணாம்க்கா. நீங்க சொன்ன வழிதான். இல்ல?"

"பார்க்கலாம், ராஜம்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சொன்னால், பங்காரு பதினைந்து நாள் கேட்டுக் கேட்டுச் செத்தது என் ஒரு பொய்யினால் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்காது. சோறு கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பாளோ என்னவோ. யாராலும் சொல்ல முடியாத ஒன்றை அவள் தலையில் ஏற்றிவிட்டு நான் மட்டும் இறக்கிவைத்துக்கொள்வது நியாயமா? சொல்லாவிட்டால், இந்தக் குழந்தையையும் அவள் என் காகிதத்தின்படிதான் வளர்ப்பாள், என் காகிதத்தின்படிதான் பட்டினி போடுவாள்.

இதைப் படிக்கிறவர்களில் குழந்தை பெற்றவர்கள் இருப்பீர்கள். குழந்தையைப் பறிகொடுத்தவர்களும் இருப்பீர்கள். முக்கியமாக அவர்களிடம் கேட்கிறேன். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி வந்து இப்படிச் சொன்னால் உங்களுக்குத் தாங்குமா? தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பீர்களா? ராஜம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன். உங்கள் பதில் பத்திரிகையில் வரும் வரை அந்தச் சூடு காத்திருக்காது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுங்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால், அவள் வாசலில் நின்று முதலில் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று, அந்த ஒரு வாக்கியத்தையாவது எழுதி அனுப்புங்கள்.